ஆச்சிக்கு நாளை டிஸ்சார்ஜ்

சங்கரி: நிமோனியா சரியாகிவிட்டது. ஆனால் ஒன்பது நாள் படுத்திருந்ததில் ஆச்சிக்கு நின்றாலே தொடை நடுங்குகிறது. வீட்டிலும் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். யார் வீட்டுக்கு அழைத்துப் போவது?

மீனா: எண்பத்தோரு வயதில் பயிற்சியா? ஓய்வெடுக்க விடுங்கள்.

முருகேசன்: ம்.

மீனா: அண்ணன், ‘ம்’ யாருக்கு?

செல்வம்: மீனா, ஓய்வுதான் அம்மாவின் காலைத் தின்றுவிட்டது. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் வேறு, சாப்பாடும் இறங்கவில்லை. ஸ்பெயினில் பாம்ப்லோனா என்ற ஊரில், 75 வயது தாண்டிய 370 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலேயே காலையும் மாலையும் இருபது நிமிடம் பயிற்சி கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. மற்றவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் திறன் குறைந்து வீடு திரும்பினார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் குறையவில்லை. இன்னும் இருக்கிறது, எழுதுகிறேன்.

கணேசன்: மச்சான், மூச்சு விடுங்கள்.

மீனா: ஸ்பெயின்காரிக்கு வாக்கர் பிடிக்க வெட்கம் இருக்காது. நம் அம்மாவுக்கு?

சங்கரி: அத்தை, பெரிதாக ஒன்றுமில்லை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. கழிவறைக்கு வாக்கரோடு நடப்பது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். கைப்பிடி உள்ள, கனமான நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்.

செல்வம்: அப்பாவின் தேக்கு நாற்காலி.

முருகேசன்: அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

மீனா: அப்பாவே வாயால் சொல்லிக் கொடுத்தது.

முருகேசன்: யாரும் கேட்கவில்லை.

கணேசன்: எனக்குக் கேட்டது.

சங்கரி: பிறகு பேசலாமே. ஆச்சி பல்செட்டைத் தேடுகிறார். கொண்டுபோனது யார்?

மீனா: என் பையில் இருக்கிறது. நேற்று கழுவ எடுத்தேன்.

செல்வம்: அப்படியானால் நேற்றிலிருந்து அம்மா கஞ்சிதானா? புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால்

செல்வம்: (தொடர்கிறேன்)

மீனா: அம்மா என் வீட்டுக்கே வரட்டும். நாற்காலியை யாரும் தூக்கிப் போக வேண்டாம்.

முருகேசன்: உன் வீடு மாடி.

மீனா: அதனால் என்ன, அதுவும் பயிற்சிதானே.

சங்கரி: படி ஏறலாமா என்று காலையில் கேட்டுச் சொல்கிறேன். கார் யார் எடுத்து வருகிறீர்கள்?

முருகேசன்: ம்.