மாடல் விமானத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தவர்கள் உண்டா?

திருவட்டாறு பக்கம் நாங்கள் சில பேர் சேர்ந்து மாடல் விமானம் பறக்கவிடுகிறோம். பால்சா மரத்தில் செய்தது, பேட்டரி மோட்டார், எடை 1.8 கிலோ. மறுநடவுக்காக ரப்பர் மரம் முறித்த ஒரு விளைதான் (தோட்டம்) எங்கள் மைதானம், ஆனால் போன மாதம் விளைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார், பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு, காப்பீட்டுத் தாள் காட்டினால்தான் இனி உள்ளே விடுவேன் என்று. அவர் கேட்பது நியாயம்தான்.

மாடல் விமானத்துக்கும் பொருந்தும் 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல் போனால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கவிடும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் (அந்த வகை விமானத்தின் வடிவமைப்புக்குத் தரும் ஒப்புதல்) வேண்டாம், 2 கிலோ வரை வணிகமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழும் வேண்டாம். ஆனால் நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முதலில் கேட்டதே அந்த இரண்டையும்தான். விதியை அச்செடுத்துக் காட்டியும், சான்றிதழ் எண் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஏறாது என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு முகவர் தனிநபர் விபத்துக் காப்பீடு தரலாம் என்றார். அது எங்களுக்குத்தான் ஆகும், அடிபடுகிற அடுத்தவருக்கு ஆகாது.

வகைச் சான்றிதழ் எண் இல்லாமல் மாடல் விமானத்துக்கு மூன்றாம் நபர் பாலிசி வாங்கியவர்கள் இருந்தால், எந்த நிறுவனத்தில், யார் பெயரில் எடுத்தீர்கள்?