பன்முகப் பண்பாட்டைப் பாடமாக எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்வீர்களா?

குளச்சல் மகள்:

நாகர்கோவிலில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்துக்கான விருப்பப் பாடங்களில் பன்முகப் பண்பாடு பற்றி ஒரு தாள் இருக்கிறது. பாடத்திட்டத்தைப் புரட்டினால் முதல் அலகு முழுக்கக் கனடா. அடுத்து இதைப் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் சார்லஸ் டெய்லர், வில் கிம்லிக்கா, பிக்கு பாரேக். கடைசி அலகில்தான் இந்தியா எட்டிப் பார்க்கிறது. இவற்றோடு சொந்த ஊரை வைத்து ஒரு களக் கட்டுரையும் எழுத வேண்டும்.

"மதங்கள் சேர்ந்து கொண்டாடும் திருவிழா ஒன்றை எழுதிக் கொடு, முழு மதிப்பெண்" என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நான் மீனவக் குடும்பத்துப் பெண். எங்கள் கடற்கரையைப் பற்றி உண்மையாக எழுத உட்கார்ந்தால் 1982 மண்டைக்காடு, இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட அந்தக் கலவரம், வந்தே தீரும். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். வகுப்பில் அதைப் பேச இடம் இருக்குமா? படித்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

வள்ளியாறு:

தங்கச்சி, நான் தக்கலை. இந்தப் பாடத்தை எடுத்துப் படித்தவள். முதலில் மண்டைக்காட்டுக்கே வருகிறேன், நீ கேட்க நினைத்தது அதுதான்.

எங்கள் வகுப்பில் பேசினோம். பேச முடிந்ததற்குக் காரணம் எங்கள் பேராசிரியை. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: காதால் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும், யார் சொல்லிக் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி தன் பாட்டி சொன்னதைச் சொன்னாள். கோயில் பக்கத்து ஊர்ப் பையன் தன் பெரியப்பா சொன்னதைச் சொன்னான். இரண்டு வீட்டிலும் 'அவர்கள்தான் தொடங்கினார்கள்'. இரண்டு வீட்டிலும் பிள்ளைகளிடம் 'அந்தப் பக்கம் போகாதே'. மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழா நேரத்தில் மூண்ட கலவரம், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் போன உயிர்கள், அதன்பின் அமைந்த நீதிபதி வேணுகோபால் ஆணையம், சமாதானம் பேச வந்த குன்றக்குடி அடிகளார் என்று பேராசிரியை வரிசையாக எடுத்துச் சொன்னது அவர்கள் இருவரும் பேசி முடித்த பிறகுதான். அந்த வரிசையை மாற்றியிருந்தால் இருவரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கனடா அலகைக் கண்டு மிரளாதே. எனக்கும் அது முதலில் வறட்சியாகத்தான் இருந்தது. 1971இல் பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தார், 1988இல் சட்டம் வந்தது என்று குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தோம். 1990இல் சீக்கியக் காவலர் தலைப்பாகையோடு கனடாவின் தேசியக் காவல்துறையில் பணியாற்ற அனுமதி கிடைத்த கதையும், அதற்குக் கிளம்பிய எதிர்ப்பும் வந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக் குடும்பம். "எங்கள் பதியில் தலைப்பாகை கட்டித்தானே கும்பிடுகிறோம்" என்றான். பதி என்றால் அவர்கள் வழிபடும் இடம். அடுத்த வகுப்பில் அவனே வந்து பாடம் நடத்தும்படி ஆயிற்று.

மேசைக்கு முன்னால் நின்று ஒரு வெள்ளைத் துண்டை நீளவாக்கில் மடித்தான். ஒரு முனையைக் காதோரம் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்றிச் சுற்றி இறுக்கினான். சாமிதோப்புத் தலைமைப் பதியில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் தலைப்பாகையோடு நிற்பதையும், பள்ளியறையில் கண்ணாடிக்கு முன்னால் தன் உருவத்தையே பார்த்துக் கும்பிடுவதையும் சொன்னான். திருவிதாங்கூரில் அவன் முன்னோர்களுக்குத் தலைத்துண்டு கட்ட உரிமை இல்லை. பெண்களுக்கு மார்பை மறைக்க உரிமை இல்லை. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல் வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் வைகுண்டர் அந்த மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், எல்லோரும் சேர்ந்து குளிக்க முத்திரிக் கிணற்றைக் கொடுத்தார். ஒருவரை அவர் இருக்கிறபடி ஏற்க மறுப்பதே அவருக்குச் செய்யும் காயம் என்று டெய்லர் சொல்வதற்கு எங்களில் யாருக்கும் அதன்பிறகு கோனார் உரை தேவைப்படவில்லை.

என் கட்டுரை எங்கள் பீர்முகமது அப்பா தர்காவைப் பற்றியது. ரஜப் மாதத்தில் இரவு முழுக்க அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடுவார்கள். என் வாப்பும்மாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பாடல்கள் பாராமல் வரும். அவர் பாடியதையும், வேற்று மதத்தார் வந்து போவதையும் எழுதி முதல் வரைவைக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் திரும்பி வந்தது: "இதை ஏற்காதவர்கள் உங்கள் வீட்டிலேயே இல்லையா?" இருக்கிறார். என் தாய்மாமா. தர்கா வழிபாடே மார்க்கத்தில் இல்லாதது என்பவர், அந்த நாளில் தெருப்பக்கமே வர மாட்டார். அவரிடம் போய் உட்கார்ந்து அவர் வாதத்தை அவர் சொன்னபடியே எழுதினேன். ஒரே சமுதாயத்துக்குள் எத்தனை குரல்கள் என்பதைப் பாரேக் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். அது எனக்கு உறைத்தது மாமா வீட்டுத் திண்ணையில்.

ஆகவே எடு. திருவிழாவை எழுதினாலும் தப்பில்லை, அந்தத் திருவிழாவுக்கு வராதவரையும் எழுது.

கோதையாற்றுக்காரன்:

வள்ளியாறு அக்காவுக்கு நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதைத் தங்கை தெரிந்துகொள்ள வேண்டும். நான் படித்த கல்லூரியில் இதே போன்ற பாடத்தைப் பழைய குறிப்பை வாசித்தே முடித்தார்கள். கிம்லிக்கா குடியேறி வந்தவர்களையும், அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த மக்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறார். நம் மாவட்டத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கப் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடியினரை விட்டால் வேறு யார்? என் வகுப்பிலேயே காணி மாணவர் ஒருவர் இருந்தார். 2006 வன உரிமைச் சட்டத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு, அது தேர்வுக்கு வராது என்று பதில் வந்தது. அவர் அதன்பின் கேள்வியே கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. பாடத்தின் பெயரைப் பார்க்காதே, நடத்தப்போவது யார் என்று விசாரித்து எடு.

மார்த்தாண்டத்திலிருந்து டொராண்டோ:

நான் இதைக் கனடாவிலேயே படித்தேன். இங்கே வேறு ஒரு சிக்கல். இந்தியா என்று வந்தாலே வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். பஞ்சாபைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும், காஷ்மீரைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். ஒரு நாள் நம் குமரி மாவட்டத்தை மட்டும் சொல்கிறேன் என்று தொடங்கினேன். வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அதன்பின் சென்னை மாநிலம். தமிழகத்தோடு இணைய நேசமணி தலைமையில் நடந்த போராட்டம், இன்றும் தமிழ்நாட்டுக்குள் கேரள அரசின் பொறுப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை, நவராத்திரிக்கு அங்கிருந்து திருவனந்தபுரம் போகும் சரஸ்வதி அம்மன். பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கிலிருந்து வந்த மாணவி ஒருத்திதான் விடாமல் கேட்டாள்: "எல்லையின் இந்தப் பக்கம் விடப்பட்ட மலையாளிகளின் மொழிக்கு என்ன ஆயிற்று?" என் அம்மாச்சி மலையாளத்தில்தான் கணக்கு எழுதுவார், எனக்கு அந்த எழுத்தே தெரியாது என்றேன். அன்று ஒன்றரை மணி நேரம் அதையே பேசினோம்.

குளச்சல் மகள்:

எல்லோருக்கும் நன்றி. கோதையாற்று அண்ணா சொன்னபடி விசாரித்தேன். நடத்தப்போகும் ஆசிரியர் மாணவர்களைப் பேசவிடுபவர் என்கிறார்கள், எடுக்கப்போகிறேன். அக்கா, அம்மாவிடம் எப்படித் தொடங்குவது?

வள்ளியாறு:

கலவரத்திலிருந்து தொடங்காதே. அதற்கு முந்தைய மாசிக் கொடைக்கு உங்கள் ஊரிலிருந்து யார் யார் போனார்கள், கடையில் என்ன வாங்கினார்கள் என்று கேள். பதிவு செய்வதாக இருந்தால் முன்பே சொல்லிவிடு. கட்டுரையில் யார் பெயரையும் ஊர்த் தெருவையும் போடாதே. அம்மா வேண்டாம் என்றால் அவரை விட்டுவிட்டு உன் அத்தையிடமோ பெரியம்மாவிடமோ போ. வரைவு எழுதியதும் இங்கே போடு, படித்துச் சொல்கிறேன்.