வாரியர் லெவல் 11, செத்துக்கிட்டே இருக்கேன்: கிளாஸ் மாத்திடலாமா?

மணல்வீடு:

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை வளர்த்து ஆடுற கேம்) எனக்கு இதுதான் முதல். வாளும் கவசமும் பிடிச்சிருந்துச்சு, மனித இனத்துல வாரியர் கிளாஸ் (வீரன்ங்கிற கேரக்டர் வகை) எடுத்துட்டேன்.

எல்வின் காடு முழுக்க நல்லாத்தான் போச்சு. லெவல் 10 தாண்டி அடுத்த பகுதியான வெஸ்ட்ஃபால் போனதும் ஆரம்பிச்சது தலைவலி. ஒரு டிஃபயாஸ் (கொள்ளைக் கூட்டம்) ஆளை அடிச்சா பாதி அடி விழுறதே இல்லை. உயிர் குறைஞ்சதும் அவன் ஓடிப்போய் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வர்றான். ரெண்டு பேர் வந்தா நான் காலி. நேத்து ஒரு மணி நேரத்துல ஏழு தடவை செத்தேன். சுடுகாட்டுலேருந்து ஆவியா நடந்து உடம்பைத் தேடினதுலயே நேரம் போயிடுச்சு.

ராத்திரி ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். கூட ஆடுறது என் மாமா பசங்க, சித்தப்பா பொண்ணு: ஒரு மேஜ் (மந்திரவாதி), ஒரு ரோக் (பதுங்கித் தாக்குறவர்), ஒரு ப்ரீஸ்ட் (குணப்படுத்துறவர்). நாலு பேரும் சேர்ந்து டெட்மைன்ஸ் (அஞ்சு பேர் கூட்டமா போற சுரங்கம்) போகணும்னு பேசி வச்சிருக்கோம். தப்பான கிளாஸ் எடுத்துட்டேனா? புதுசா எதை எடுக்கட்டும்?

தூரவில்:

ஹண்டர் எடுங்க. முதல் தடவை ஆடுறவங்க, அதுவும் தனியா ஒரு மணி நேரம் ஆடுறவங்களுக்கு அதைவிட நல்ல கிளாஸ் இல்லை. அடி வாங்குறது பெட் (நீங்க பழக்கின மிருகம்), தூர நின்னு அம்பு விடுறது நீங்க. ஆனா மனிதனை வச்சு ஹண்டர் உருவாக்க முடியாது. மனிதர் இருக்கிற அலையன்ஸ் பக்கம்னா குள்ளர் அல்லது நைட் எல்ஃப்தான்.

லெவல் 10 வரைக்கும் பொறுமையா இருக்கணும். அதுவரைக்கும் பெட் கிடையாது, அதனால அதுக்கு முன்னாடியே 'ஹண்டர் சரியில்லை'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. குள்ளரா இருந்தா டன் மோரோக்ல பன்றி, பனிச்சிறுத்தை, கரடின்னு மூணையும் வரிசையா பழக்கிப் பார்க்க குவெஸ்ட் (ஆட்டம் கொடுக்கிற வேலை) வரும். நான் அந்தக் கரடியைப் பழக்கினப்போ அது என்னை அறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மந்திரம் முடியுற கடைசி நொடியில பேரு பச்சையா மாறி பக்கத்துல வந்து நின்னுச்சு. இந்த ஆட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நிமிஷம் அது.

வேலையும் உண்டு. பெட்டுக்குத் தீனி போடணும், இல்லைன்னா ஓடியே போயிடும். அம்பு பையில இடம் பிடிக்கும். எதிரி 5 கஜத்துக்கு மேல, 8 கஜத்துக்குள்ள நின்னா வில்லாலயும் அடிக்க முடியாது, கத்தியாலயும் முடியாது. ரெண்டு அடி முன்னப்பின்ன நகரணும்.

பழைய கோடாலி:

தம்பி, கிளாஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பார்க்கணும். 'பாதி அடி விழுறதே இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. லெவல் 11 வாரியருக்கு அந்த அளவு மிஸ் வரக்கூடாது. சமீபத்துல ஆயுதம் மாத்துனீங்களா? கே பட்டனை அழுத்தினா ஸ்கில் பக்கம் திறக்கும். அதுல உங்க ஆயுதத்துக்கு நேரா என்ன எண் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

மணல்வீடு:

ஆமாண்ணா, மாத்தினேன். ஒரு ரெண்டு கை வாள் கிடைச்சது. ஸ்டார்ம்விண்ட் நகரத்துல ஆயுதம் சொல்லிக்கொடுக்கிற வூ பிங்கிட்ட 10 வெள்ளி கொடுத்துக் கத்துக்கிட்டு வெஸ்ட்ஃபால் வந்தேன். இப்பப் பார்த்தேன்: ரெண்டு கை வாள் 9/55. ஒரு கை வாள் 52/55. இது என்ன எண்ணுன்னே இதுவரைக்கும் தெரியாது.

பழைய கோடாலி:

அதுதான் காரணம்.

கிளாசிக்ல ஒவ்வொரு ஆயுத வகைக்கும் தனித்தனி ஸ்கில். உச்சம் உங்க லெவலை 5-ஆல பெருக்கினா வரும்: 11 லெவலுக்கு 55. புது வகை கத்துக்கிட்டா 1-லேருந்து தொடங்கும். எதிரியோட தற்காப்பும் அதே கணக்குதான். வெஸ்ட்ஃபால்ல நெருப்பு வீசுறானே, அந்த டிஃபயாஸ் பில்லேஜர் 14, 15 லெவல். அவனோட தற்காப்பு 70, 75. 9 ஸ்கில் வச்சு அவனை அடிச்சா வாள் காத்தைத்தான் வெட்டும். வாரியருக்கு இது ரெட்டை நஷ்டம். அடி விழுந்தாத்தான் ரேஜ் (திறன்களுக்கு வேண்டிய சக்தி) நல்லா ஏறும், ரேஜ் இல்லைன்னா பெரும்பாலான திறன் வேலை செய்யாது. மேஜ் கையில எந்தக் கம்பு இருந்தாலும் ஃப்ராஸ்ட்போல்ட் மந்திரம் அப்படியேதான் போகும், அவங்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

எல்வினுக்குத் திரும்பிப் போங்க. 7, 8 லெவல் ஓநாய், கரடி மேல அந்த ரெண்டு கை வாளைப் பழக்குங்க. ஆரம்பத்துல எண் கடகடன்னு ஏறும், 40-க்கு மேல மெதுவாகும். சண்டையை சார்ஜ்ல (எதிரி மேல பாயுற திறன்) தொடங்குங்க, ரேஜ் ஏறட்டும்னு காத்திருக்க வேண்டாம். எதிரி உயிர் கால்வாசிக்கு வந்ததும் ஹாம்ஸ்ட்ரிங் (காலை வெட்டி வேகத்தைக் குறைக்கிற திறன்) போடுங்க, 8 லெவல்லயே கிடைச்சிருக்கும். நொண்டிக்கிட்டு ஓடுறவன் கூட்டாளிகிட்டப் போய்ச் சேர மாட்டான். கோல்ட்ஷயர் சத்திரத்துல முதலுதவி கத்துக்குங்க. ஒரு லினன் துணியில ஒரு கட்டு, 6 நொடியில 66 உயிர். ஆனா அடி வாங்கிக்கிட்டே கட்டுப் போட முடியாது, நடுவுல அறுந்துடும்.

தூரவில்:

ஸ்கில் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா அதைச் சரி பண்ணினாலும் தனியா லெவல் ஏத்த வாரியர் கஷ்டமான கிளாஸ்தான். பெட் இல்லை, மந்திரத்தால தன்னைத்தானே குணப்படுத்த வழியில்லை, ஆயுதம் பழசாயிட்டா எல்லாமே படுத்துடும். முதல் ஆளுக்கு நான் இன்னும் ஹண்டர்தான் சொல்வேன்.

வெண்பனி:

நான் ப்ரீஸ்ட் ஆடுறவள். தூரவில் சொல்றது தனியா ஆடுறவங்களுக்குப் பொருந்தும். இவர் வீட்டுக் கூட்டத்தைப் பாருங்க: மேஜ், ரோக், ப்ரீஸ்ட். டாங்க் (முன்னால நின்னு அடி வாங்குற ஆள்) இல்லை. இவர் ஹண்டர் ஆயிட்டா, டெட்மைன்ஸ் வாசல்ல நின்னு முன்னால போக ஆள் தேடணும். அது எவ்வளவு நேரம் இழுக்கும்னு ஹீலரா எனக்கு நல்லாத் தெரியும்.

வாள் பிடிச்சு, சாகுறதுதான் பிடிக்கலைன்னா பாலடினும் இருக்கு. மனிதருக்குக் கிடைக்கும், தன்னைத்தானே குணப்படுத்திக்கும், சாகுறது குறையும். ஆனா சீல் (வாளுக்கு வலு சேர்க்கிற மந்திரம்) போட்டுட்டு வாள் சுத்துறதை வேடிக்கை பார்க்கிற நேரம்தான் அதிகம். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்குத் தூக்கம் வரும். ஒரு சாயங்காலம் 6, 7 லெவல் வரைக்கும் ஆடிப் பார்த்தா தெரிஞ்சிடும். அதுக்காக வாரியரை அழிக்காதீங்க, கூடவே இன்னொரு கேரக்டர் வச்சுக்கலாம்.

மணல்வீடு:

ரெண்டு ராத்திரி கழிச்சு எழுதறேன். முதல் ராத்திரி முழுக்க எல்வின்லயே ஓநாய் அடிச்சேன். இப்ப 46/55. இன்னைக்கு வெஸ்ட்ஃபால்ல ஒரு மணி நேரத்துல ஒரே தடவைதான் செத்தேன், அதுவும் ரெண்டு பில்லேஜர் சேர்ந்து நெருப்பு வீசினப்போ. ஹாம்ஸ்ட்ரிங் போட்டதும் ஒருத்தன் இழுத்து இழுத்து நடந்தான், ரெண்டே அடியில விழுந்தான். வாரியரையே வச்சுக்கறேன். தங்கச்சிகிட்ட சொன்னேன், "அப்ப நீதான் முன்னாடி போற"ன்னுட்டா. தூரவில், உங்க கரடிக்காக ஒரு குள்ள ஹண்டரும் உருவாக்கிட்டேன், இப்ப 4 லெவல்.

டெட்மைன்ஸுக்கு வேற என்ன தயார் பண்ணணும்?

பழைய கோடாலி:

இப்பவே போகாதீங்க, 18 லெவலாவது ஆகட்டும். ஸ்டார்ம்விண்ட்ல பார்ட்டில்பிங்கிற குடிகாரனைப் பார்க்கச் சொல்ற வாரியர் குவெஸ்ட் 10 லெவல்ல வந்திருக்கும். அதை முடிச்சாத்தான் டிஃபென்சிவ் ஸ்டான்ஸும் (தற்காப்பு நிலை) டாண்ட்டும் (எதிரியை உங்க பக்கம் திருப்புற திறன்) கிடைக்கும். அது இல்லாம டாங்க் ஆக முடியாது. உள்ளே போகும்போது அந்த ஒரு கை வாளும் ஒரு கேடயமும் எடுத்துக்குங்க, ரெண்டு கை வாள் பையில இருக்கட்டும். ஒரு கை வாள் ஸ்கில்லும் லெவலோட சேர்ந்து ஏறுதான்னு நடுநடுவுல கே அழுத்திப் பார்த்துக்குங்க.

வெண்பனி:

ஐந்தாவது ஆள் கிடைச்சாச்சா? இல்லைன்னா சொல்லுங்க, எனக்கு 17 லெவல்ல ஒரு வார்லாக் சும்மா நிக்குது.