பினாங்கு ஜார்ஜ்டவுன் நடுநகரம் காலியானது ஏன்?

ஈப்போ_செல்வி:
போன மாதம் பினாங்கு போயிருந்தோம். ஆர்மீனியன் தெரு சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுக்க நீள வரிசை, சுற்றியுள்ள பழைய கடைவீடுகளில் (கீழே கடை, மாடியில் வீடு) பாதி காபிக்கடை, மீதி விடுதி. 2000க்கு அப்புறம் கொஞ்ச காலம் இங்கே ஆளே இல்லை என்கிறார் அப்பா. உண்மையா? துறைமுக நகரம் எப்படிக் காலியாகும்?

கடற்கரை_வாசி:
உண்மைதான் செல்வி. பிரான்சிஸ் லைட் 1786ல் தொடங்கிய ஊர், தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்ததால் வளர்ந்தது. அந்தச் சலுகை 1969ல் போனது, 70களில் வேலையெல்லாம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு நகர்ந்தது. அப்பவும் நடுநகரில் ஆட்கள் இருந்தார்கள் என்றால் அதற்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வீடுகளில் தையற்காரர், தட்டார், கூடை முடைகிறவர் எல்லாம் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தார்கள். 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முடிந்தது, வாடகை எகிறியது, மூட்டை கட்டிவிட்டார்கள். காலியான வீடுகளில் சிலர் ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு உழவாரன் குருவி வளர்த்தார்கள், சூப்பு செய்ய விற்கிற அதன் கூடுகளுக்காக. 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகுதான் அதற்குத் தடை வந்தது.

சுண்ணாம்புக்காரன்:
சட்டத்தை மட்டும் புகழாதீங்க அண்ணே. அந்த வாடகையில் வீட்டுக்காரர் ஓடு மாற்றக்கூட முடியாது, கூரை ஒழுகி உத்தரம் உளுத்துப்போன வீடுகள் எத்தனை! இன்னொன்று, புதுப்பிப்பு என்ற பெயரில் சிமெண்ட் பூசுவது. அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், தரையிலிருந்து ஏறுகிற உப்பு ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி, செங்கல் மாவாக உதிரும். முழங்கால் உயரத்தில் சுவரைத் தட்டிப் பாருங்க, பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பூச்சு விட்டுப்போச்சு.

மார்க்கெட்_தெரு:
வீட்டுக்காரர் கஷ்டத்தை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வாடகையைப் படிப்படியாக ஏற்றி, பழுதுபார்க்க மானியம் கொடுத்திருந்தால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவைப் பாருங்க, 1833ல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், பக்கத்தில் பூமாலை, மளிகை, புடவைக் கடை. அந்தப் பக்கம் 1801ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நடக்க இடம் இருக்காது. ஆனால் கடை மூடினதும் முதலாளியும் வேலையாளும் வண்டியேறித் தூரத்து அடுக்குமாடிக்குப் போகிறார்கள், மாடியில் குடும்பம் வைத்திருப்பவர் சொற்பம். விடுதிக்கு உரிமம் தருகிற நகராட்சி, மாடியில் குடியிருக்க வாடகைக்கு விடுகிறவருக்கு வரியைக் குறைக்கட்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஈப்போ_செல்வி:
நன்றி எல்லோருக்கும். ஈப்போ பழைய டவுனிலும் இப்போது விடுதிகள் வரிசையாக வருகின்றன, அதனால்தான் கேட்டேன். சுண்ணாம்பு அண்ணே, எங்கள் தாத்தா கடையில் சிமெண்ட் பூசியாச்சு, அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச முடியுமா?

சுண்ணாம்புக்காரன்:
முடியும்மா. மெதுவாக, கை உளியால் மட்டும். மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். கொத்தின சுவரை நல்லா உலர விட்டுத்தான் பூசணும்.