ராத்திரி இரண்டு மணிக்கு 58

கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்:
அப்பாவுக்கு 71 வயது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், கிளிமிப்ரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் உண்டு. டாக்டர் சொல்லி, சர்க்கரையை ஓயாமல் அளந்து போனில் காட்டும் 14 நாள் சென்சாரை மேல்கையில் ஒட்டினோம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போன் அலறியது. சர்க்கரை 58 என்று தாழ்ந்துவிட்டதாம். பதறி எழுப்பி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. காலையில் பார்த்தால் 240. மறுநாளும் இதே கதை. "ராத்திரி ஊசியே வேண்டாம்" என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

வழக்கமாக வாங்கும் மெடிக்கலில் இருக்கும் பார்மசிஸ்ட் அக்காவிடம் சொன்னேன். போனை வாங்கி, அந்த ராத்திரி சர்க்கரை வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு கிணற்றில் விழுந்த மாதிரி சரிந்து, அரை மணி நேரத்தில் அப்படியே மேலே வந்திருந்தது. "அப்பா எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாரு?" என்றார். இடது பக்கம். சென்சாரும் இடது கையில்தான்.

"உடம்பு பாரம் அழுத்தினா ரீடிங் பொய்யா இறங்கும்மா. இது ரத்தத்துல அளக்கலை, தோலுக்கு அடியில இருக்கிற நீர்ல அளக்குது. அவரு நல்லா இருந்தா முதல்ல விரல்ல குத்திப் பாருங்க. வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் இருந்தா மீட்டரைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஊசியை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்று சொல்லி, டாக்டரிடம் காட்ட அந்த இரண்டு ராத்திரி விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கும் போன் அடித்தது, 61. விரலில் குத்தினால் 128. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சென்னையிலிருந்து:
எனக்கு இரண்டு சென்சார் நாலைந்து நாளிலேயே உரிந்து விழுந்தன. ஒன்று போனாலே ஆயிரக்கணக்கில் நஷ்டம். எங்கள் பார்மசிஸ்ட் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "குளிச்சதும் கைக்கு எண்ணெய் தடவுறீங்களா?" தடவுவேன், தேங்காய் எண்ணெய், சின்ன வயசுப் பழக்கம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டுமாம். அடுத்தது 14 நாளும் நின்றது.

பில் போடும்போது என் வைட்டமின் சி மாத்திரையையும் கவனித்தார். நாளுக்கு 1000 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 500-ஐத் தாண்டினால் சில சென்சார்களில் சர்க்கரை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றார். அதை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.

மதுரையிலிருந்து ஒரு பார்மசிஸ்ட்:
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளாகச் சொல்கிறேன். சென்சார் வந்தபின் பயந்து சாப்பாட்டைக் குறைப்பவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறார்கள். மூன்று இட்லி சாப்பிட்டதும் 190 என்று காட்ட, ஒரு பெரியவர் மதியச் சோற்றையே விட்டுவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. சரியாகச் சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். உட்காரவைத்துச் சொன்னேன்: "ஐயா, 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் நூற்றுக்கு எழுபது பங்கு நேரம் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்ல கட்டுப்பாடு. உங்கள் வயசுக்காரர்களில் பலருக்குப் பாதி நேரம் இருந்தாலே போதும் என்று டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். தாழாமல் இருப்பதுதான் முக்கியம்."

டோஸை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை, டாக்டருக்கு எழுதி அனுப்புவேன். தொடர்ந்து வாங்க வசதியில்லாதவர்களிடம், டாக்டரைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒன்று மட்டும் ஒட்டச் சொல்கிறேன். கூடவே, சாப்பிட்டதையும் நடந்ததையும் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வேன்.

கும்பகோணத்து மகள்:
நன்றி அக்கா. அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டினோம். அப்பா திரும்ப ஊசி போட்டுக்கொள்கிறார்.