இபி பில்லில் காற்றாலை யூனிட் கழிகிறது: பல்கலைக்கழக கார்பன் கணக்கில் எதை எழுதுவது?

வளாகப்பொறி (கேள்வி)

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு 2023-24 நிதியாண்டின் பசுமை இல்ல வாயுக் கணக்கு எடுக்கிறோம். ஹெச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பு ஒன்று. ஆண்டு நுகர்வு 42 லட்சம் யூனிட்; அதில் 15 லட்சம் வேறிடத்தில் உள்ள சொந்தக் காற்றாலையிலிருந்து வீலிங் (பொது மின்கம்பி வழியே அனுப்புதல்) மூலம் பில்லில் கழிகிறது. கூரையில் சோலார், நெட் மீட்டர் (கிரிட்டிலிருந்து வாங்கியது, கிரிட்டுக்குத் தந்தது இரண்டையும் அளப்பது). ஜெனரேட்டர் மூன்று, சொந்தப் பேருந்துகள், விடுதியில் 2,000 பேர், கழிவுநீர் செப்டிக் டேங்குக்கு. மீதி 27 லட்சம் யூனிட்டை மட்டும் காட்டினால் போதுமா? வளாகத்து மரங்களைக் கழிக்கலாமா?

மின்கணக்கன்

போதாது. ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற பன்னாட்டுக் கணக்கு முறையின் 2015 ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) வழிகாட்டுதல்படி இரண்டு எண்கள் தர வேண்டும். முதலாவது இருப்பிட அடிப்படை. காற்றாலை எங்கோ இருக்க, உங்கள் வளாகத்துக்கு வருவது பொது கிரிட் மின்சாரம்தான். எனவே 42 லட்சம் யூனிட்டையும் மத்திய மின்சார ஆணையத்தின் காரணியால் பெருக்குங்கள். 2023-24க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு; சுமார் 3,053 டன் வரும். இரண்டாவது சந்தை அடிப்படை, அதாவது யாரிடமிருந்து மின்சாரம் பெற ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதைப் பார்ப்பது. இதில் 15 லட்சத்தைக் கழிக்கலாம், 1,963 டன். ஆனால் அந்தக் காற்றாலைக்கு ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்) வாங்கி விற்றிருந்தால் பசுமை உரிமை கைமாறிவிட்டது, கழிக்க முடியாது. இதை நிதிப் பிரிவில் கேட்காமல் எழுதாதீர்கள்.

கழிப்பதும் பில்லில் சரிக்கட்டிய யூனிட்டைத்தான். காற்றாலை மீட்டரில் ஓடியதைக் கழித்தால் வழியில் போன இழப்பையும் சேர்த்துக் கழித்ததாகிவிடும்.

சோலாரில் நிகர எண்ணை எடுக்கக் கூடாது. இறக்குமதி யூனிட் முழுவதும் ஸ்கோப் 2. ஞாயிற்றுக்கிழமை கிரிட்டுக்குத் தள்ளிய யூனிட் தனி வரி.

பில்லில் கேவிஏஹெச், கேடபிள்யூஹெச் இரண்டும் இருந்தால் பின்னதைத்தான் எடுக்க வேண்டும். பில் தொலைந்த மாதத்துக்கு மீட்டர் ரீடிங் வித்தியாசத்தை எடுத்தால் எம்.எஃப். (மீட்டரின் பெருக்குக் காரணி) பெருக்க மறக்காதீர்கள், அது விடுபட்டால் அந்த மாதம் வளாகமே பூட்டிக் கிடந்தது போலத் தெரியும். கட்டிட சப்-மீட்டர்களைக் கூட்டுவதும் ஆபத்து: சேஞ்ச்ஓவருக்குப் (இபி-ஜெனரேட்டர் மாற்று சுவிட்ச்) பின்னால் இருக்கும் மீட்டரில் ஜெனரேட்டர் யூனிட்டும் ஏறும். டீசலை ஸ்கோப் 1இல் (நம்மிடமே நேரடியாக வெளியாகும் உமிழ்வு) எழுதிவிட்டு அதே யூனிட்டை இங்கேயும் எழுதினால் இரட்டைக் கணக்கு.

மரங்களைக் கழிக்காதீர்கள். தனி அட்டவணையில் போடலாம், மொத்தத்தைத் தொடக் கூடாது.

டீசல்பேரேடு

ஸ்கோப் 1க்கு: தொடக்க இருப்பு + வாங்கியது − இறுதி இருப்பு. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. ஜெனரேட்டர் லாக் புத்தகத்தைச் சோதிக்க ஒரு வழி: லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் வர வேண்டும். 6 வந்தால் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் எல்லாவற்றையும் எழுதவில்லை, அல்லது யூனிட் தவறு. பேருந்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே பேரல் என்றால் பிரிக்க மெனக்கெட வேண்டாம், இரண்டுமே ஸ்கோப் 1. வாடகைப் பேருந்து மட்டும் ஸ்கோப் 3 (நமக்காகப் பிறர் வெளியிடும் உமிழ்வு).

விடுதி கேஸ்: 19 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 57 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. சிலிண்டரோடு சேர்த்த எடையை எழுதியிருக்கிறார்களா பாருங்கள். விறகு எரித்தால் அதன் கார்பன்-டை-ஆக்சைடு ஸ்கோப்புக்கு வெளியே. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளே.

நீர்க்கழிவு

செப்டிக் டேங்கை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி இந்தியாவுக்குத் தரும் பிஓடி (கழிவுநீரின் கரிமச் சுமையைக் காட்டும் அளவு) நாளுக்கு ஆளுக்கு 34 கிராம். 2,000 பேர், 300 நாள்: 20,400 கிலோ. கிலோவுக்கு 0.6 கிலோ மீத்தேன், செப்டிக் டேங்குக்கான திருத்தம் 0.5. மீத்தேன் 6,120 கிலோ. மீத்தேனின் வெப்பமாக்கும் திறன் கார்பன்-டை-ஆக்சைடைப் போல் 28 மடங்கு என்று பெருக்கினால் 171 டன். விடுதிச் சமையலுக்கு 3,000 சிலிண்டர் எரித்தால் வருகிற அளவு! கழிவுநீருக்குக் காற்றூட்டிச் சுத்திகரிக்கும் நிலையம் சரியாக ஓடினால் இந்த எண் வெகுவாகக் குறையும். காற்று செலுத்தும் புளோயரை நிறுத்தி வைத்தால் குறையாது.

வளாகப்பொறி

நன்றி. ஏசி கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒப்பந்தக்காரர் பில்லில் "கேஸ் சார்ஜிங் 14 எண்ணம்" என்றுதான் இருக்கிறது, கிலோ இல்லை.

டீசல்பேரேடு

அந்த 14 ஏசிகளின் பெயர்ப்பலகையில் வாயுவும் எடையும் இருக்கும். முழுதாக நிரப்பியதாக வைத்துக் கூட்டுங்கள், "மதிப்பீடு, மேல்வரம்பு" என்று குறியுங்கள். ஆர்-410ஏ என்றால் ஐபிசிசி ஐந்தாம் அறிக்கையின் வெப்பமாக்கும் திறன் மதிப்பு 1,924, ஆர்-32 என்றால் 677. மீத்தேனுக்கு 28 போட்டிருப்பதால் அதே அறிக்கையையே பின்பற்றுங்கள். பழைய ஆர்-22 ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வரும் வாயு, ஸ்கோப் 1 மொத்தத்தில் சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும். அடுத்த பணி ஆணையில் "நிரப்பிய எடை கிலோவில் இல்லாத பில் ஏற்கப்படாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.