புதுப்பிப்பு: அம்மாவுக்கு மின்சைக்கிள் எடுத்தாச்சு

முழங்கால் நோவுள்ள அம்மா, கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குச் சேலையோடு ஓட, குறுக்குப் பார் இல்லாத மின்சைக்கிள் எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் மோட்டர் வலுவைப் பற்றியே எழுதினீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கு? 250 வோட்ஸ் தாராளம்.

பெற்றரி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பின் கரியரில் இருந்தால், அதன் மேல் மரக்கறிப் பையும் ஏற, ஸ்ராண்டை எடுக்கும்போதே பின்பக்கம் சரிகிறது. சீற்றுக்குக் கீழே பெற்றரி உள்ளதை எடுத்தோம். 36 வோல்ற், 10 ஆம்பியர் மணி, சந்தைக்குப் போதும்.

மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சர் என்பதால் திடீரென்று பாயாது. பெடல் சுற்றினாலே இழுக்கும் மற்ற வகை, சந்தி நெரிசலில் அம்மாவைப் பயப்படுத்திவிட்டது. சேலை சிக்காமல் செயின் கவர் தனியாகப் போட்டோம். சீற் இன்னும் கொஞ்சம் அகலமாக வேணுமாம்.